மாசி மணத்த பந்து

எங்கள் ஊரில் ஒருவன் கிரிக்கெட்டும் ஆடுவேன், கால்பந்தும் ஆடுவேன் என்று சொன்னால் அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். நான் சொல்வது தொண்ணூறுகளின் திருவனந்தபுரம். கிரிக்கெட் கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருக்களில் இருந்தது. கால்பந்து கடற்கரையில் இருந்தது. கோட்டைக்குள் பையன்கள் வெள்ளைப் பேண்ட்டை இஸ்திரி போட்டு ஆட வருவார்கள். அது கசங்காமல் திரும்பினால் நன்றாக ஆடினதாக அர்த்தம். கடற்கரைப் பையன்கள் கைலியை அவிழ்த்து மணலில் கோல் கம்பத்துக்குப் பதிலாகக் குவித்து வைத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு ஆடுவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே சாலைக் கடைத்தெரு. அங்கே யாருக்கும் ஆட நேரமில்லை, மூட்டை இறங்கிக்கொண்டே இருக்கும்.

நான் சாலைக்காரன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அரிசி மொத்தக் கடை வைத்தவர். கோட்டைக்குள் கிரிக்கெட் கிளப்பில் எனக்கு இடம் கிடைத்ததற்கு என் திறமை காரணம் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் களத்தில் கயிற்றுப் பாய் விரித்துத்தான் ஆடுவோம். கிளப்பிடம் பாய் இல்லை, எங்கள் குடோனில் இருந்தது. பாயோடு என்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். பாய் நடுவில் கிடந்தது, நான் அதன் ஒரு முனையில் விக்கெட் கீப்பராகக் குந்தியிருந்தேன்.

கிளப்புக்கு ஒரு கேப்டன் உண்டு. நாற்பதை எட்டிக்கொண்டிருந்த ஆள், நல்ல உத்தியோகம், நல்ல நெற்றி, நல்ல உச்சரிப்பு. முதல் ஸ்லிப்பில் நின்றால் அவர் கையிலிருந்து பந்து தப்பாது என்று ஊரே சொல்லும். ஊர் என்றால் நான்கு தெரு. கிரிக்கெட் பெரிய மனிதர்களின் ஆட்டம், அதில் ஒரு தர்மம் உண்டு என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பிரசங்கம் செய்வார். அவுட் என்று தெரிந்தால் அம்பயரைப் பார்க்காமல் தானே வெளியேறிவிடுவார். அதைப் பத்துப் பேர் பார்க்கிறார்களா என்று மட்டும் பார்ப்பார்.

எங்கள் கடை மாடியில் சாக்குகள் அடுக்கியது போக மிச்சமிருந்த அறைக்கு ஒரு லட்சத்தீவுக்காரன் வாடகைக்கு வந்தான். இங்கே கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான், என் வயதுதான். அப்பாவுக்குத் தீவுக்காரர்கள்மேல் தனி மரியாதை. வாடகை பாக்கி வைத்து ஓடிப்போக வேண்டுமென்றால்கூடக் கப்பல் ஏற வேண்டுமே என்பார்.

இவனுக்கோ கப்பல் ஏறுவது மரண தண்டனை. கடல் ஒத்துக்கொள்ளாது. ஊருக்குப் போகும் போதெல்லாம் கப்பல் கொச்சித் துறையை விடுவதற்குள் வாந்தியெடுக்க ஆரம்பித்துத் தீவில் கால் வைக்கும்வரை எடுப்பான். அவன் வாப்பாவிடம் சூரை மீன் பிடிக்கும் படகு இருந்தது. அதில் ஏறி ஒரு நாள்கூட அவனால் நிற்க முடிந்ததில்லை. தீவில் பிறந்து கடலைக் கண்டு குமட்டுகிறவனைத் தீவுக்காரர்கள் என்ன பாடு படுத்துவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள்கூட அவனைப் பார்த்தால் ஓங்கரித்துக் காட்டுமாம்.

“அண்ணாச்சி, எனக்குப் படிப்பு முடியும்போ இங்க கரையில ஒரு ஜோலி கிட்டணும். இல்லெங்கில் வாப்பாவோட படகுதான். படகுன்னு நினைச்சாலே தலை கறங்குது,” என்று என் அப்பாவிடம் சொல்வான். எங்கள் கடைப் பையன்களோடு பேசிப் பேசி வந்த தமிழ் அது.

வேலை கிடைக்க அவனிடம் இருந்தது மதிப்பெண் அல்ல. தரையில் நின்று செய்கிற இரண்டு காரியம் அவனுக்கு நன்றாக வரும்: பந்து போடுவது, பந்தை உதைப்பது. நகரத்தில் ஒரு பெரிய அலுவலகம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அதன் விளையாட்டு அதிகாரி ஊர் ஊராக, மைதானம் மைதானமாக வந்து ஆட்டம் பார்ப்பார். அவர் கண்ணில் பட்டால் மேஜை, நாற்காலி, மின்விசிறி. படாவிட்டால் படகு.

அவன் பந்து போட்டு நான் முதலில் பார்த்தது எங்கள் குடோன் பின்புறச் சந்தில். சட்டைப் பையிலிருந்து கறுப்பாக, கட்டைபோல இருந்த ஒன்றை எடுத்துக் கடித்து ஒரு சில்லை வாயில் ஒதுக்கினான். மாசி. சூரை மீனை அவித்துப் புகை போட்டுக் காய வைத்த கருவாடு. வீட்டிலிருந்து பொட்டலம் பொட்டலமாக வரும். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் வாயில் எச்சில் வற்றவே வற்றாது. அந்த எச்சிலைத் தொட்டுப் பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தான். தேய்த்துத் தேய்த்து அந்தப் பக்கம் பித்தளைச் செம்பாக மின்னியது. பிறகு ஓடி வந்து போட்டான். நேராக வந்த பந்து என் முன்னால் வந்ததும் மனசு மாறி வெளியே வளைந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“மாசி வாயில இருந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். பந்து நம்ம சொல்லு கேட்கும்,” என்றான்.

மறுநாளே கிளப்புக்கு அழைத்துப் போனேன். அன்று வலைப் பயிற்சியில் எங்கள் பெரிய மட்டையாளர்களெல்லாம் கொசு அடிக்கிறவர்கள் மாதிரி காற்றில் வீசினார்கள். கேப்டன் கைதட்டினார். “பேஷ், பேஷ்! எங்கேருந்துடா பிடிச்சுண்டு வந்தே இவனை?” என்று என் முதுகில் தட்டினார். லீக் கோப்பை கண்ணில் தெரிந்துவிட்டது அவருக்கு. அப்புறம்தான் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். வாங்கினவர் முகர்ந்தார். முகர்ந்தவர் கீழே போட்டார்.

“என்னடா இது நாத்தம்? மீனா?”

“மாசி, சார்,” என்று அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். சாப்பிடக் கொடுக்கிறான் என்று நினைத்துக் கேப்டன் பத்தடி பின்னால் போனார்.

அன்று மாலையே கமிட்டி கூடியது. அந்தக் கமிட்டியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பல காலமாக அவர்கள் எல்லோருமே கிளப் பந்தை மாற்றி மாற்றி எச்சில் தொட்டுத் தேய்த்தவர்கள். வீட்டில் ஒருவர் குடித்த டம்ளரை இன்னொருவர் தொட்டால் கை அலம்புகிற அதே ஆட்கள், மைதானத்தில் பதினோரு பேர் எச்சிலையும் கூச்சமில்லாமல் தடவிக்கொண்டு அதே கையால் பிரேக்கில் புளியோதரை சாப்பிட்டிருக்கிறார்கள். அது கிரிக்கெட், அதற்குத் தோஷமில்லை. இப்போது மீன் எச்சில் என்றதும் சாஸ்திரம் மைதானத்துக்கு இறங்கி வந்துவிட்டது. அவனை விடவும் மனசில்லை, கோப்பை வேண்டும். அவன் வாயும் வேண்டாம். இரண்டு மணி நேரம் யோசித்து ஒரு வழி கண்டார்கள். அவன் பந்து போடலாம், ஆனால் எச்சில் வைக்கக் கூடாது. எச்சில் வைப்பதற்கு வேறொருவர் நியமிக்கப்பட்டார். ஆசாரமான ஆள், சுழற்பந்து வீச்சாளர்.

அவர் ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். அவர் எச்சிலில் சுண்ணாம்பு இருந்தது. பந்து பளபளப்பதற்குப் பதில் நாலு ஓவரில் வெள்ளை பூத்துத் தழும்பு விழுந்த முழங்கால் மாதிரி ஆனது. அவன் போட்ட பந்து நேராகப் போனது. கேப்டன் என்னைப் பார்த்து, “அன்னிக்கு வளைஞ்சுதே, இப்போ ஏண்டா வளையலை? ஒழுங்காப் போடச் சொல்லு,” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் மட்டையைப் பிடுங்கி அவர் முட்டியிலேயே போட வேண்டும் என்றும் வந்தது.

அந்த அதிகாரி எங்கள் ஆட்டம் பார்க்க வரப்போகிறார் என்று தெரிந்தது அந்த வாரம்தான். ஆட்டத்தன்று காலையில் எல்லோரும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனோம். அது கிளப்பின் வழக்கம். அவன் வெளியே நின்று எல்லோருடைய செருப்புக்கும் மட்டைப் பைகளுக்கும் காவல் இருந்தான். உள்ளே கேப்டன் அவன் விக்கெட் எடுக்க வேண்டும் என்று அவன் பேரில் ஒரு தேங்காய் உடைத்தார். பொய் சொல்லக் கூடாது, உடைத்தார். பிள்ளையாரிடம் அவனுக்காகக் கேட்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

ஆட்டத்தில் முதல் ஓவர் அவனுக்கு. அதிகாரி எல்லைக்கோட்டருகே நாற்காலி போட்டுக் குடை நிழலில் உட்கார்ந்திருந்தார். அவனுக்கு உதடு காய்ந்திருந்தது. வெற்றிலைக்காரர் பந்தைக் கேட்டுக் கை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் பையிலிருந்து மாசியை எடுத்து வாயில் போட்டு, பந்தை நக்காத குறையாக எச்சில் தொட்டுத் தேய்த்தான். வேண்டுமென்று செய்தானா, பதற்றத்தில் மறந்துவிட்டானா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் அவனும் உண்மை சொல்ல மாட்டான்.

பந்து வளைந்தது. மட்டையின் விளிம்பில் பட்டு முதல் ஸ்லிப்புக்குப் போனது. வயிற்று உயரத்தில், ஒரு குழந்தைக்குப் போடுகிற மாதிரி. கேப்டன் இரண்டு கையும் நீட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். பந்து வந்து சேர ஒரு நொடி இருக்கும்போது அந்தக் கை சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோலப் பின்னால் போனது. பந்து அவர் வயிற்றில் மோதித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவும் இல்லை. வெள்ளைச் சட்டையில் விழுந்த சிவப்புக் கறையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவதும் அவரிடம்தான் போனது. அதற்கு அவர் முன்கூட்டியே தயாராகக் கைக்குட்டையைக் கையில் சுற்றியிருந்தார். கைக்குட்டையில் பந்து நிற்குமா? வழுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டுக்குப் போனது. மூன்றாவது கேட்ச் பக்கத்து ஸ்லிப்பில் நின்ற மருமகனிடம் போனது, கேப்டனின் அக்கா பிள்ளை. மாமாவைப் பார்த்துக் கற்றவன், அவனும் விட்டான். எனக்குக் கையுறை இருந்தது. என் பக்கம் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் பிடித்திருப்பேன், என் பேரும் நல்ல பேர் ஆகியிருக்கும்.

அதிகாரி உணவு இடைவேளைக்கு முன்பே எழுந்தார். போகிற போக்கில் என்னிடம், “பையன் கொள்ளாம், நல்லாப் போடறான். பட்சே விக்கெட் இல்லாம மேல என்னத்தச் சொல்லி எடுக்கறது?” என்றார். அவன் கேட்டுக்கொண்டுதான் நின்றான். கேப்டன் அருகில் வந்து, “பந்து நனைஞ்சிருந்துதோன்னோ, வழுக்கிடுத்துடா,” என்று சொல்லி அவன் தோளைத் தட்டப் போய், தட்டாமல், கையைக் காற்றில் ஆட்டிவிட்டுப் போனார். தர்மம், பெரிய மனிதர்களின் ஆட்டம் என்றெல்லாம் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வந்த கோபம் இப்போது எழுதும்போதும் வருகிறது.

அன்று மாலை அவன் மாடியில் படுத்துக் கிடந்தான். மறுநாள் விழிஞ்ஞம் பக்கம் பஸ் ஏறினான். அங்கே கடற்கரை அணி ஒன்றில் ஓர் ஆள் குறைந்தது. அவர்கள் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: இடது காலா, வலது காலா? இரண்டும் என்றான். சேர்த்துக்கொண்டார்கள். அவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஆடுவான். ஆட்டம் முடிந்ததும் மீன்குழம்பும் மரவள்ளிக் கிழங்கும் ஒரே சட்டியில் வைத்து எல்லோரும் கையை விட்டுச் சாப்பிடுவார்கள். ஒரு தடவை நானும் போய்ச் சாப்பிட்டேன். வீட்டில் சொல்லவில்லை, அப்பாவுக்கு மட்டும் என் கையிலிருந்து தெரிந்துவிட்டது. அவர் மூக்கு சரக்கு மோந்தே விலை சொல்லும் மூக்கு.

அந்த ஆட்டங்களில் ஒன்றைப் பார்க்க அதே அதிகாரி வந்தார். கால்பந்துக்கும் அவரே பொறுப்பு. “நீ அந்தப் பையனல்லே?” என்றார். அவன் இரண்டு கோல் போட்டிருந்தான். கோல் விழுவதை யாரும் பிடிக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். தற்காலிகமாக வேலை கிடைத்தது. மேஜை இல்லாத நாற்காலி. இரண்டு வருஷம் நன்றாக ஆடினால் நிரந்தரம் என்றார்கள். கேப்டன் இதைக் கேள்விப்பட்டதும், “கால்பந்தா? அதுக்குத்தான் லாயக்கு,” என்றார். பிறகு வேறு தெருவில், “நம்ம கிளப் பையன்தான்,” என்றும் சொன்னார்.

இரண்டாவது வருஷம் முடிகிற சமயத்தில் ஓர் ஆட்டத்தில் திரும்பும்போது அவன் முட்டி திருகிக்கொண்டது. வைத்தியர் பார்த்துவிட்டு, நேராக ஓடலாம், சட்டென்று திரும்பக் கூடாது என்றார். திரும்பாமல் கால்பந்து எப்படி ஆடுவது? அலுவலகத்தில் முகங்கள் மாறின. உதைக்காத ஆளுக்கு நாற்காலி எதற்கு என்ற பேச்சு எழுந்தது. வாப்பாவிடமிருந்து ஆள் வந்தது, படகில் ஒரு கை குறைகிறது, வா என்று. அவன் மாடியில் வந்து உட்கார்ந்து, “நேரா ஓடினா மதின்னு வைத்தியர் சொன்னார். நேரா ஓடி வந்து பந்து போடலாமே,” என்றான். அதிகாரியிடம் போய்க் கெஞ்சினான். அலுவலகத்துக்குக் கிரிக்கெட் அணியும் இருந்தது. அவர் யோசித்து, “ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளப்போட ஆட்டம் இருக்கு. விக்கெட் எடு. எடுத்தால் நான் பேசறேன். இல்லெங்கில் நீ ஊருக்குப் போ,” என்றார்.

அந்தக் கிளப் நாங்கள்தான்.

நான் அன்று எதிரணியில் நின்றேன், ஆனால் மனசு எங்கே நின்றது என்று சொல்ல வெட்கமில்லை. அவன் ஓட்டத்தைச் சுருக்கிக்கொண்டான். முட்டியில் துணி சுற்றியிருந்தான். கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. அலுவலக அணியின் முதல் ஸ்லிப்பில் கேண்டீனில் பருப்பு வடை போடுகிறவர் நின்றார். ஆள் குறைந்ததால் இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். தொப்பையும் கைலியும், மேலே மட்டும் வெள்ளைச் சட்டை. கிளப்பில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கேப்டன்தான் முதலில் மட்டை பிடிக்கப் போனார். இரண்டு பந்து போனதும் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். அம்பயரிடம், “சார், பந்து ஈரமா இருக்கு. நாத்தம் வேறே. மாத்தணும்,” என்றார். அம்பயர் கடற்கரைக்காரர், பந்தை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக மோந்தார்.

“நனைஞ்சா துடைக்கச் சொல்லலாம் சாரே,” என்றார். “மணத்துக்கு எனக்கு நியமம் ஒண்ணுமில்ல. எனக்கானா விசக்குது.”

பசிக்கிறது என்று அம்பயர் சொன்னதும் மைதானமே சிரித்தது. கேப்டன் காது சிவக்க நின்றார். அடுத்த பந்து வளைந்தது. அதே விளிம்பு, அதே உயரம், அதே குழந்தைக்குப் போடுகிற கேட்ச். வடைக்காரர் கொதிக்கிற எண்ணெயில் கை வைத்துப் பழகியவர். அசையாமல் நின்று இரண்டு கையாலும் பொத்தினார். பொத்திவிட்டுப் பந்தை மோந்து பார்த்து, “மாசியாக்கும்!” என்று சந்தோஷப்பட்டார். கேப்டன் தானாகவே வெளியேறினார். அன்று நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு விக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. மருமகன் வடைக்காரரிடமே போனான். வெற்றிலைக்காரர் காலில் வாங்கினார். என் முறை வந்தபோது நடுக்குச்சி எங்கோ பறந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவுட் ஆகிச் சந்தோஷமாகத் திரும்பினேன். நான் விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். விட்டுக்கொடுப்பதற்கு முதலில் பந்து கண்ணில் பட வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் அதிகாரி களத்துக்குள்ளேயே நடந்து வந்தார். அவன் கையைப் பிடித்து, “உன்றெ ஜோலி உறச்சு, நிரந்தரம். இனி நீ எங்கயும் போகண்டாம்,” என்றார். அவன் அப்படியே முட்டியைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்து அழுதான். சத்தம் போட்டு அழுதான். நானும் அழுதேன். கரையில் இருந்துகொண்டே ஒரு மனிதன் சோறு தின்ன இவ்வளவு பாடா என்று இருந்தது. அவன் பிற்பாடு தீவின் கிரிக்கெட் அணிக்குத் தலைவனானதும், முட்டி தேறினபின் இரண்டாயிரத்துக்கு அப்புறம் கால்பந்து அணிக்கும் தலைவனானதும், ஒவ்வொரு முறையும் வாந்தியெடுத்துக்கொண்டே கப்பலில் போய் வந்ததும் எல்லாம் அந்தப் பாயிலிருந்து தொடங்கினவைதான்.

அவன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கேப்டன் வந்தார். கால்காப்பைக் கழற்றித் தலையும் வாரியிருந்தார். அதிகாரி காதில் விழும்படி, “நம்ம பையன் சார் இவன். நான் பார்த்து வளர்த்தவன். அன்னிக்கே சொன்னேனே, பெரிய ஆளா வருவான்னு,” என்றார். அதிகாரி தலையாட்டினார்.

அவன் கையில் அந்தப் பந்து இன்னும் இருந்தது, ஈரம் காயாமல். ஓரடி பின்னால் போனான்.

“கேப்டன் சார்,” என்று சொல்லி மெதுவாகத் தூக்கிப் போட்டான்.

யோசிக்க நேரமில்லை அவருக்கு. இரண்டு கையும் தானாக முன்னால் வந்தன. பந்து நடு உள்ளங்கையில் விழுந்தது, விரல்கள் அழகாக மூடின, சத்தம்கூட இல்லை. எத்தனையோ பேருக்கு அவர் கற்றுக்கொடுத்த கேட்ச். எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தோம். அவரும் பார்த்தார். கீழே போடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

“அன்னிக்கும் இதே கைதானே சார் இருந்தது?” என்று கேட்டான்.